அளந்து சொல்! உன் மண்ணின் பெயரைச் சொல்!

"தம்பி, எந்த ஊர்?" என்று சென்னையில் யாராவது கேட்டால் வாலிகண்டபுரத்துப் பிள்ளை என்ன சொல்கிறான்? "திருச்சி பக்கம்" என்கிறான். குன்னத்துப் பெண்ணும் காரை கிராமத்துப் பையனும் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் கேட்டவருக்குத் தெரியாதே, தெரியாத ஊர்க்காரனுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் அச்சம். தம்பி, தங்கையே, அந்த அச்சத்தைத் தூக்கி எறி! நீ சொல்லக் கூசுகிற பெயர்களை உலகம் 160 ஆண்டுகளுக்கும் மேலாகத் தலை நிமிர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. டவுன் பஸ்ஸின் பெயர்ப் பலகையோடு முடிந்துவிடும் பெயர்களா இவை? டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துத் தென்னிந்தியாவைப் பற்றி ஒருவர் லண்டனில் உட்கார்ந்து எழுதினாலும் டோக்கியோவில் உட்கார்ந்து எழுதினாலும், இந்தப் பெயர்களைத் தொடாமல் ஒரு பக்கம்கூட நகர முடியாது. இவை அனைத்தும் பாறை அடுக்குகளின் அதிகாரபூர்வமான பெயர்கள். ஒரு பாறைக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள். தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

உன் காலடியில் இருந்த கடல்

வாலிகண்டபுரத்தில் வாலீஸ்வரர் கோயில் வாசலில் நின்று மேற்கே பார். பச்சைமலை தெரியும். அது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய பாறை. இனித் தெற்கே, தென்கிழக்கே திரும்பு. குன்னம், காரை, கொளக்காநத்தம் என்று போகப் போகப் பாறையின் குணமே மாறிவிடும். கல் மென்மையாகும், அடுக்கடுக்காகும். அதற்குள் நத்தையும் சிப்பியும், சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட் என்ற பழங்கடலுயிரும் தென்படும். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற இந்த வட்டாரத்தின் ஒரு பகுதி ஒரு காலத்தில் கடலடி!

கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்திய நிலம் பிரிந்தபோது அதன் கிழக்கு ஓரம் விரிந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறியது. முன்னேறியும் பின்வாங்கியும் பல கோடி ஆண்டுகள் இங்கே அலையடித்தது. ஒவ்வொரு முறையும் களிமண்ணோ மணலோ சுண்ணாம்போ ஓர் அடுக்கை விட்டுச் சென்றது. காரையில் செம்மண் நிறத்தில் மடிப்பு மடிப்பாக அரித்துக் கிடக்கிறதே, அந்த ஓடைக்காடு ஓர் அடுக்கு. சிப்பிகள் நெருங்கிக் கிடக்கும் கருடமங்கலத்துக் கல் இன்னோர் அடுக்கு. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி போடும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் மற்றோர் அடுக்கு.

இத்தனையும் இங்கேயே கிடந்தன. யாருக்கும் தெரியாமல் கிடந்தன. ஏன்? விவரிக்க ஆள் இல்லை. உனக்குள் இருக்கும் திறமையும் இன்று அப்படித்தான் கிடக்கிறது. இல்லாததால் அது வெளியே தெரியாமல் போகவில்லை; சொல்லப்படாததால் தெரியாமல் போயிற்று!

28 வயதில் செய்து முடித்தவர்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. அதில் சேர்ந்த இளைஞர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களில் கால்கடுக்க நடந்தார். அன்று இங்கே தார்ச்சாலை கிடையாது, செயற்கைக்கோள் படம் கிடையாது. சுத்தியலும் நோட்டுப் புத்தகமும் வெயிலும்தான் துணை. 1862இல் அவருடைய ஆய்வு நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 28. "அனுபவம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் தம்பியே, இந்த வயதைக் குறித்துக்கொள்!

அந்த நூலில் அவர் இந்தப் பகுதியின் கடற்படிவுகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். கீழே இருப்பது ஊட்டத்தூர்த் தொகுதி. அதன் மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி. அதற்கும் மேல் அரியலூர்த் தொகுதி. நாடு விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் இருந்த காலம் அது. அரசியின் பெயரையோ ஆளுநரின் பெயரையோ சூட்டியிருந்தால் தடுக்க யார் இருந்தார்கள்? ஆனால் நிலவியலின் மரபு வேறு. பாறை எந்த ஊரில் தெளிவாகத் தெரிகிறதோ அந்த ஊரின் பெயரே பாறைக்கு. பேரரசின் தலைநகரம் விலகி நின்றது. ஊட்டத்தூர் என்ற சிற்றூர் முன்னே வந்தது. சுருள் ஓடு கொண்ட ஓர் அம்மோனைட் இனத்துக்குத் தமிழின் பெயரையே வைத்துத் 'தாமுலிகஸ்' என்றார் பிளான்ஃபோர்ட். பின்னாளில் வேறோர் அம்மோனைட் பேரினமே ஊட்டத்தூரின் பெயரால் 'உட்டட்டூரிசெரஸ்' ஆயிற்று.

அவர் தொடங்கியதை இன்னோர் இளைஞர் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். இன்றைய செக் நாட்டில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1862இல் தம் 24ஆம் வயதில் கல்கத்தா வந்து சேர்ந்தார். தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் உயிரினங்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, விவரித்து நான்கு பெருந்தொகுதிகளாக 1873க்குள் முடித்தார். மறு ஆண்டு இமயப் பயணத்தில் உயிர் துறந்தார். 36 வயது. அவரது உடல் லே நகரில் அடங்கியிருக்கிறது. அவர் விவரித்த அரியலூர்ச் சிப்பிகள் இன்றும் அவர் பெயரோடு நிற்கின்றன.

பெருவாழ்வுக்கு நீண்ட வாழ்வு கட்டாயமில்லை. எடுத்த வேலையை முடித்தாயா என்பதுதான் கேள்வி!

ஒரு மணற்கல்லை எப்படி விவரிப்பது?

அரியலூர்த் தொகுதிக்குள் இருக்கும் கல்லமேடு மணற்கல்லை எடுத்துக்கொள்வோம். "இது ஒரு நல்ல மணற்கல், மிகப் பழமையானது, அருமையானது" என்று எழுதினால் எந்த நிலவியலாளரும் ஏற்க மாட்டார். அவர் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை.

நிறம் என்ன? வெயிலில் காய்ந்த முகத்தில் ஒரு நிறம் இருக்கும், புதிதாக உடைத்த முகத்தில் வேறு நிறம் இருக்கும். இரண்டையும் சொல். மணியின் அளவு என்ன? 2 மில்லிமீட்டருக்கும் அதில் 32இல் ஒரு பங்குக்கும் இடைப்பட்டால்தான் அது மணல். பெரிதானால் சரளை, சிறிதானால் வண்டல். மணிகள் உருண்டவையா, கூரானவையா? நெடுந்தூரம் உருண்டு வந்த மணி மழுங்கியிருக்கும். மணிகளைப் பிணைத்திருப்பது சுண்ணாம்பா, சிலிக்காவா, இரும்பா? நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடு, நுரைத்தால் சுண்ணாம்பு. அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? எத்தனை பாகை? மொத்தக் கனம் எத்தனை மீட்டர்?

அதற்குப் பிறகு மிக முக்கியமான கேள்வி வருகிறது. இந்த அலகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கல்லமேட்டுக்குக் கீழே ஒட்டக்கோவில் மணற்கல். அது கடல் இட்டது. கல்லமேட்டு மணலில் கடலுயிர் இல்லை. அது ஆறு இட்டது. கடல் விலகிப் போனபின் இந்த மண்ணில் ஆறுகள் ஓடின, கரையில் டைனோசர்கள் நடந்தன. அதற்கு மேலே மறுபடி கடல் திரும்பி வந்து நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லை இட்டது. கீழ் எல்லையும் மேல் எல்லையும் சொல்லப்பட்ட பிறகுதான் கல்லமேடு தனி அலகு ஆகிறது.

இத்தனையும் முடிந்தபின் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். "நான் சொன்னதை இங்கே வந்து பார்" என்று உலகத்துக்கே அறைகூவல் விடும் இடம் அது. அதற்கு மாதிரி வெட்டுமுகம் என்று பெயர். கடைசியாக, எல்லாவற்றையும் அச்சில் வெளியிட வேண்டும். ஒருவர் மனத்துக்குள் எத்தனை அழகான பெயர் வைத்திருந்தாலும் வெளியிடாத பெயர் செல்லாது.

இனி உன்னை விவரி!

இப்போது நீ எழுதிய வேலை விண்ணப்பத்தை எடு. "கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவாகச் செயல்படுவேன்." இதில் அளவு எங்கே? எல்லை எங்கே? வந்து பார் என்று காட்டும் இடம் எங்கே? ஆயிரம் பேர் எழுதுகிற அதே சொற்களை நீயும் எழுதிவிட்டு, யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்று அழுகிறாயே!

வாலிகண்டபுரத்துத் தோட்டத்தில் அப்பாவோடு சேர்ந்து சின்ன வெங்காயப் பட்டறை போட்டவன் நீ. எத்தனை மூட்டை, எத்தனை மாதம் கெடாமல் காத்தாய், அழுகலைக் குறைக்கக் காற்றோட்டத்துக்கு என்ன செய்தாய்? அதை எழுது! வீட்டில் தம்பி தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. எந்தப் பாடம், எத்தனை பேர், யார் எந்த மதிப்பெண்ணிலிருந்து எந்த மதிப்பெண்ணுக்கு வந்தார்கள்? அதை எழுது! கேட்பவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வாக்கியம், சோதிக்க முடியாத நூறு புகழ்ச்சிகளை வெல்லும்.

உன் எல்லைகளையும் மறைக்காதே. "ஆங்கிலம் படித்தால் புரியும், சரளமாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்பவன் தாழ்ந்துவிடுவதில்லை. கீழ் எல்லையும் மேல் எல்லையும் சொல்லத் தெரிந்தவன் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள். எல்லாம் தெரியும் என்பவனை எந்த வரைபடத்தில் குறிப்பது? அவனுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

எதுவும் செய்யாமல் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று கத்தினால் தொண்டைதான் கட்டும். நேற்று செய்ததை இன்று அளந்து எழுது. நாளை அதைவிட ஒரு படி மேலே செய்து அதையும் எழுது. அந்தக் குறிப்பேடு தடிக்கத் தடிக்க உன் குரல் தானாக உறுதிப்படும். ஆதாரத்தின் மேல் நிற்பவனை எந்தக் கேலியும் அசைக்காது!

எலும்பு கரைந்தது, விவரிப்பு நின்றது

கல்லமேட்டு மணற்கல் உனக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. 1980களின் இறுதியில் பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இரண்டு இந்திய நிலவியலாளர்கள் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளை விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! 'பிருஹத்காயோசாரஸ் மாட்லியி' என்று பெயரிட்டார்கள். 1929இல் இந்தப் பகுதியின் டைனோசர்களைப் பற்றி எழுதிய மாட்லிக்கு மரியாதை செய்த பெயர்.

அந்த எலும்புகள் நிலைக்கவில்லை. கல்லமேட்டுக் கல் உதிரும் தன்மை கொண்டது. மழையிலும் ஈரத்திலும் எலும்புகள் நொறுங்கிப் போயின. அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. உலகம் சும்மா இருக்குமா? அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கலாம் என்றுகூடச் சந்தேகித்தார்கள். இறைச்சி தின்னும் வகை என்று முதலில் எழுதியிருந்ததை, இலை தின்னும் நீள்கழுத்து வகை என்று பின்வந்தவர்கள் மாற்றினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வாதம் ஓடியது. 2022இல் அகழ்ந்த காலத்துப் புகைப்படங்கள் ஆய்விதழில் வெளியாயின. விலங்கு மீண்டும் பேச்சுக்கு வந்தது. பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் அதை வைத்து இன்றும் விவாதிக்கிறார்கள்.

அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால்? ஒரே ஒரு மழைக்காலத்தோடு அந்தப் பேருயிர் உலகத்தின் நினைவிலிருந்தே போயிருக்கும். அளவும் படமும் இருந்ததால்தான் சந்தேகப்படவே ஒரு பொருள் இருந்தது. தம்பி, உன்னைச் சந்தேகிப்பார்கள். நீ சொன்னதில் ஒரு பகுதியைத் திருத்தவும் செய்வார்கள். அதற்காக வாய்மூடி இருப்பாயா? பேசாதவனை யாரும் திருத்துவதுகூட இல்லை; அவனை மறந்துவிடுவார்கள்!

சிறியது என்று எதையும் தள்ளிவிடாதே. கல்லமேட்டு அடுக்கிலிருந்து ஒரு சிறு பல் கிடைத்தது. அது ட்ரூடாண்டிட் என்ற டைனோசர் வகையின் பல் என்று 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த வகை அது. அரியலூர் மண்ணின் ஒரே ஒரு பல் அந்தக் கணக்கையே கேள்விக்குள்ளாக்கியது. உலகப் புகழ் பெற்ற ஆய்விதழில் இடம் பிடித்தது. விரல் நுனியில் அடங்கும் ஒன்றைத் தூக்கி எறியாமல் உற்றுப் பார்த்த கண்களுக்குக் கிடைத்த வெற்றி அது.

திருத்தம் தோல்வி இல்லை

கருடமங்கலம் மணற்கல்லின் கதையையும் கேள். அந்த அடுக்குகளைக் கொளக்காநத்தம், ஆனைப்பாடி என்று இரண்டாகப் பிரித்த ஆய்வாளர்கள் உண்டு. கருடமங்கலம் என்று ஒன்றாகச் சேர்த்தவர்களும் உண்டு. 2001இல் காவிரிப் படுகையின் கிரிட்டேசியஸ் அடுக்குகள் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து ஒரு பெரிய கட்டுரை வந்தது. எல்லைகள் மாறின, உட்பிரிவுகள் மாறின. பிளான்ஃபோர்ட் வைத்த ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று பெயர்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. கண்ணால் கண்டு, காலால் நடந்து, அளந்து எழுதியதன் பலம் அது!

நீ பத்தாம் வகுப்பில் எழுதிய உன் வரைபடம் இருபது வயதில் மாறட்டும். இருபதில் போட்ட எல்லை முப்பதில் நகரட்டும். மாற்றி எழுது, வெட்கப்படாதே. நேர்மையாகப் பார்த்துப் போட்ட அடித்தளம் மட்டும் ஆடாமல் இருக்கட்டும்.

பெயருக்கு உள்ள வலிமை இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி என்று பெயர் மாற்றக் கோரி மு. கருணாநிதி தலைமையில் இளைஞர்கள் தண்டவாளத்தில் படுத்தார்கள். ஊரின் பெயருக்காக உயிரைப் பணயம் வைத்த பூமிக்கு மிக அருகில் பிறந்துவிட்டு, உன் ஊரின் பெயரைச் சொல்ல நீ நாக்கைக் கடிக்கலாமா?

நம்மவர் நடந்த பாதை

"இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்த வேலை" என்று விலகிப் போகாதே. சாத்தனூர் கல்மரத்துக்குப் போ. 18 மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்தக் கல்லான மரத்தை 1940இல் உலகத்துக்கு அறிவித்தவர் தஞ்சை மண்ணில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன். ஐரோப்பியர்கள் தொடங்கி, ஐரோப்பியர்களே தலைமை வகித்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு நூறு ஆண்டு நிறைந்த 1951இல் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். இந்தியாவின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்தார்கள். காவிரிக் கரைப் பிள்ளை ஒருவர் கல்லையும் எழுத்தையும் நம்பி அவ்வளவு உயரம் ஏறினார். உனக்கு யார் தடை?

இந்த வாரமே தொடங்கு!

ஒரு நோட்டும் பேனாவும் எடு. பேருந்து ஏறிக் காரைக்குப் போ. ஓடைக்கரையில் ஒரு வெட்டுமுகத்தின் முன் நின்று பத்து வரி எழுது. நிறம், மணி, அடுக்கு, சாய்வு, கனம், கீழே என்ன, மேலே என்ன. உவமை வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும் எழுது. கல்லான நத்தைகளைப் பையில் போட்டு வந்துவிடாதே. அவை இருக்கும் இடத்தில் இருந்தால்தான் அவற்றுக்குப் பொருள். படம் எடு, அளவெடு, இடத்தைக் குறி. புரியாததை எழுதிக்கொண்டு போய் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் கேள், கல்லூரிப் பேராசிரியரிடம் கேள்.

பக்கத்தைத் திருப்பு. அடுத்த பத்து வரி உன்னைப் பற்றி. என்ன செய்தாய், எவ்வளவு செய்தாய், எங்கே வந்து பார்க்கலாம், எதுவரை தெரியும், எங்கிருந்து தெரியாது. அடியில் தேதி போடு. முழுப் பெயரை எழுது. பெயருக்குப் பக்கத்தில் 'வாலிகண்டபுரம்' என்று எழுது. குன்னமோ ஆனைப்பாடியோ சில்லக்குடியோ, எது உன் ஊரோ அதை எழுது. எழுதியதை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல். பிழை காட்டினால் திருத்து. திருத்தியதை மறுபடி கொடு.

ஓராண்டு இதை விடாமல் செய். அதன்பின் எந்த நேர்காணல் அறையிலும், எந்த மேடையிலும், எந்த மாநகரத்திலும் "நீ யார், எந்த ஊர்?" என்ற கேள்வி உன்னைச் சுடாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே நீ பிறந்தவன், நீ பிறந்தவள். எழுந்து நில்! உன் பெயரையும் ஊரையும் செய்த வேலையின் அளவையும் ஒரே மூச்சில், குரல் நடுங்காமல் சொல்!